ஐஸ்லாந்துக்குச் சிறு குழுவோடு போகலாமா, நாமே கார் ஓட்டலாமா?

கேட்டவர்கள் அறுபதை ஒட்டிய ஒரு தம்பதி. பிப்ரவரிக் கடைசியில் ஐஸ்லாந்து போக ஆசை. 16 பேர் குழுவோடு எட்டு நாளில் தீவை முழுதாகச் சுற்றிவரும் பயணம் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறார்கள். கணவர் சென்னையில் முப்பது வருடமாகக் கார் ஓட்டுகிறவர். மனைவிக்கு முழங்கால் வலி உண்டு, சைவம், ஆங்கிலம் புரியும் ஆனால் சரளமில்லை. "குழுவோடு போனால் ஆட்டுமந்தை மாதிரி ஓட்டிக்கொண்டு போவார்களோ? பேசாமல் ஒரு காரை வாடகைக்கு எடுத்துவிட்டால் என்ன?" என்று கேட்கிறார்கள்.

நான் அந்தத் தீவுக்கு மூன்று முறை போயிருக்கிறேன். ஒரு செப்டம்பரில் நானும் என் மனைவியும் நாங்களே கார் ஓட்டினோம். ஒரு பிப்ரவரியில் அம்மாவை அழைத்துக்கொண்டு சிறு குழுவோடு போனேன். இன்னொரு ஜூனில் தனியாக, பாதி நாள் கார், பாதி நாள் குழு. மூன்றும் மூன்று வேறு நாடுகள் மாதிரி இருந்தன. அதனால் குழுவா காரா என்று பார்ப்பதற்கு முன்னால் மாதத்தைப் பேசிவிட வேண்டும்.

ஜூனில் தலைநகர் ரெய்க்யாவிக்கில் ஏறத்தாழ 21 மணி நேரம் பகல், மிச்ச நேரமும் முழு இருட்டு வராது. டிசம்பர் 21 வாக்கில் நான்கு மணி நேரப் பகல்தான். நீங்கள் சொல்லும் பிப்ரவரிக் கடைசியில் பத்து மணி நேரத்துக்குக் கிட்ட வெளிச்சம் இருக்கும். ஊர் பார்க்கப் போதும். ஆனால் வெளிச்சம் வந்துவிட்டதால் குளிர்காலம் முடிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. பனி, சாலையில் கண்ணாடி போல உறைந்த ஐஸ், எல்லாவற்றுக்கும் மேலே காற்று.

அந்தக் காற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன், ஏனென்றால் படங்களில் அது தெரியாது. தெற்குக் கரையில் வீக் என்ற சிற்றூர். அங்கே பெட்ரோல் பங்கில் எங்கள் வேனை நிறுத்தும்போது, ஓட்டுநராகவும் வழிகாட்டியாகவும் இருந்த பெண்மணி வண்டியின் மூக்கு காற்றுக்கு எதிரே நிற்கும்படி திருப்பி நிறுத்தினார். "நான் வந்து திறக்கும்வரை யாரும் கதவைத் தொடாதீர்கள்" என்றார். எங்களுக்கு இரண்டு இடம் தள்ளி ஒரு வாடகைக் கார் வந்து நின்றது. காற்று அதற்குப் பின்னாலிருந்து அடித்தது. உள்ளே இருந்த இளைஞர் நாம் எல்லோரும் திறப்பது போலத்தான் கதவைத் திறந்தார். காற்று அதைக் கையிலிருந்து பிடுங்கி முன்பக்கமாக மடக்கியது. கீல் வளைந்து, கதவு அப்புறம் மூடவே இல்லை. அவர் கதவை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்தபடி நின்ற காட்சி இன்னும் கண்ணில் இருக்கிறது. இந்த மாதிரிச் சேதத்தைச் சாதாரண வாடகைக் காப்பீடு பெரும்பாலும் ஏற்காது. மணல் காற்று பெயின்ட்டைச் சுரண்டினால் அதற்குத் தனிக் காப்பீடு.

சென்னையில் முப்பது வருடம் ஓட்டியது பெரிய தகுதிதான், குறைத்துச் சொல்லவில்லை. கோடையாக இருந்தால் "தைரியமாக ஓட்டுங்கள்" என்றுதான் சொல்லியிருப்பேன். அங்கே ஸ்டியரிங் இடப்பக்கம், வண்டி சாலையின் வலப்பக்கம். அது இரண்டு நாளில் பழகிவிடும். ஒரே ஒரு வண்டி போகக்கூடிய பாலங்கள் வழியில் வரும், யார் முதலில் நெருங்குகிறாரோ அவருக்கு வழி. தார் முடிந்து திடீரென்று சரளைச் சாலை தொடங்கும், அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்காதவர்கள்தான் உருளுகிறார்கள். இவையெல்லாம் கற்றுக்கொள்ளக்கூடியவை. ஐஸ் மேல் ஓட்டுவது வேறு விஷயம். நவம்பர் முதல் ஏப்ரல் நடுப்பகுதி வரை அங்கே ஆணி பதித்த டயர் போட அனுமதி உண்டு. அந்த டயரோடும் பக்கவாட்டுக் காற்றில் வண்டி தானாக ஒரு முழம் நகரும். முதன்முதலாக ஐஸில் ஓட்டுவதை அறுபது வயதில், பழக்கமில்லாத பக்கத்தில், பக்கத்தில் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு தொடங்க வேண்டாம். இதில் எனக்கு இரண்டாம் யோசனை கிடையாது.

ஆக, பிப்ரவரி என்றால் குழுதான். ஆனால் அந்த எட்டு நாள் முழுச்சுற்று உங்களுக்குப் பொருந்தாது என்பது என் கருத்து.

தீவைச் சுற்றும் முதலாம் எண் சாலை 1,300 கிலோமீட்டருக்குச் சற்று மேல். தென்கிழக்கில் பனியாறுகளிலிருந்து வரும் ஆறுகளுக்குப் பாலம் கட்டி 1974-ல்தான் அந்த வட்டம் முழுமையடைந்தது. கோடையில் அதை எட்டு நாளில் சுற்றுவது சுகம். குளிர்காலத்தில், வடக்கே மீவாட்ன் ஏரிக்கும் கிழக்குப் பகுதிக்கும் நடுவே சாலை ஆளரவமற்ற மேட்டுநிலத்தில் ஏறிப் போகிறது, புயல் வந்தால் அதை மூடிவிடுவார்கள். தலைநகரை விட்டுக் கிளம்பியதும் வரும் ஹெட்லிஸ்ஹெய்தி மேடுகூட மூடப்படுவதுண்டு. ஒரு நாள் மூடினால் எட்டு நாள் திட்டத்தில் இரண்டு நாள் காலி. மிச்சத்தை ஈடுகட்ட ஒரே நாளில் ஏழெட்டு மணி நேரம் வண்டியில் உட்கார வேண்டி வரும். முழங்கால் வலி உள்ளவருக்கு நடப்பதைவிட அப்படி மடக்கி உட்கார்வதுதான் கொடுமை. என் அம்மாவைப் பார்த்து நான் தெரிந்துகொண்டது இது.

நாங்கள் போன பயணத்தின் விளம்பரத்திலும் 16 பேர் என்றுதான் போட்டிருந்தது. போய் நின்றபோது 19 பேர், 19 இருக்கை வேன். யாரும் பொய் சொல்லவில்லை என்றார்கள், நிபந்தனைகளில் எங்கோ "அதிகபட்சம் 19" என்று இருந்ததாம். அம்மாவுக்குக் கடைசி வரிசை கிடைத்தது. முதல் நாள் சாயங்காலம் அவள் இறங்கும்போது படியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றாள், கால் நீளவில்லை. மறுநாள் நான் முன்வரிசையில் இருந்தவரிடம் கேட்டு மாற்றிக்கொண்டேன், அவரும் நல்ல மனிதர். ஆனால் இது நானாகக் கெஞ்சிப் பெற வேண்டிய விஷயமாக இருந்திருக்கக் கூடாது. "சிறு குழு" என்ற சொல்லுக்கு அங்கே வரையறை எதுவும் இல்லை. எட்டு பேரும் சிறு குழுதான், பத்தொன்பது பேரும் சிறு குழுதான். கேட்க வேண்டிய கேள்வி எத்தனை பேர் என்பதோடு, அத்தனை பேருக்கு எத்தனை இருக்கை உள்ள வண்டி என்பதும். 19 இருக்கையில் 12 பேர் என்றால் ராஜபோகம்.

இனி ஆட்டுமந்தை சந்தேகத்துக்கு வருகிறேன். அதில் நியாயம் இருக்கிறது.

தென்கிழக்கில் யோகுல்சார்லோன் என்று ஒரு பனியாற்று ஏரி. ரெய்க்யாவிக்கிலிருந்து கிட்டத்தட்ட 370 கிலோமீட்டர். வட்னயோகுல் என்ற மாபெரும் பனிப்படலத்திலிருந்து உடைந்து விழும் பனிப்பாறைகள் அதில் மிதக்கும். அந்தப் பனிப்படலம் மட்டுமே நாட்டின் பரப்பில் ஏறத்தாழ எட்டு சதவீதம். ஏரியில் சீல் எனப்படும் கடல்நாய்கள் உண்டு. அம்மா கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். ஒரு சீல் கறுத்த தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தது, மூழ்கியது, வேறெங்கோ எழுந்தது. அடுத்து எங்கே எழும் என்று அம்மா விரலை நீட்டி வைத்துக் காத்திருப்பாள், இரண்டு முறை சரியாகச் சொன்னாள். எங்களுக்குக் கொடுத்த நேரம் 45 நிமிடம். அது முடிந்தது. அவள் கையைப் பிடித்து எழுப்பி வேனுக்கு அழைத்துப் போனேன். கிளம்பிய பிறகும் ஜன்னல் வழியாக அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதே ஏரிக்கரையில் அந்தச் செப்டம்பரில் நானும் மனைவியும் மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தோம், பிளாஸ்க் காப்பியோடு. யாரும் எழுப்பவில்லை.

குழுப் பயணத்தின் உண்மையான விலை இதுதான். உங்கள் கடைசிப் பயணத்தை நினைத்துப் பாருங்கள். ஓர் இடத்துக்குப் போனால் பார்த்து, படம் எடுத்து, "சரி, அடுத்தது" என்கிறவர்களா? அல்லது பிடித்த இடத்தில் உட்கார்ந்துவிட்டால் எழ மனமில்லாதவர்களா? முதல் வகை என்றால் குழு உங்களை உறுத்தவே உறுத்தாது. இரண்டாவது வகை என்றால் தினமும் ஒரு முறையாவது மனம் சுருங்கும், அதைத் தெரிந்தே போங்கள். முக்காலி வைத்துப் பொறுமையாகப் படம் எடுக்கிறவர்கள், பறவை பார்க்கிறவர்கள் பொதுவான குழுவோடு போகவே வேண்டாம்.

ஆனால் வழிகாட்டி இல்லாமல் நான் இழந்ததையும் சொல்ல வேண்டும். அந்தச் செப்டம்பரில் கிர்க்யுபையார்க்லெய்ஸ்தூர் என்ற ஊருக்கு மேற்கே, சாலையின் இரு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சைப் பாசி போர்த்திய கற்குவியல். "என்ன அழகு" என்று நான்கு படம் எடுத்துவிட்டுப் போய்விட்டோம். பிப்ரவரியில் அதே இடத்தில் வழிகாட்டி வண்டியை ஓரம் கட்டி, என்ஜினை நிறுத்திவிட்டுப் பேசினார். அது எரிமலைக் குழம்பு. 1783 ஜூனில் லாக்கி என்ற இடத்தில் பூமி இருபத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் பிளந்து, எட்டு மாதம் குழம்பைக் கக்கியது. நச்சுப் புகை படிந்த புல்லைத் தின்று நாட்டின் கால்நடைகளில் பாதிக்கு மேல் செத்தன. பின்னாலேயே வந்த பஞ்சத்தில் மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு போய்விட்டது. குழம்பு ஊரை நெருங்கிய ஜூலை 20 அன்று, யோன் ஸ்டெய்ங்க்ரிம்சன் என்ற பாதிரியார் ஊர் மக்களைத் தேவாலயத்துக்குள் கூட்டி வழிபாடு நடத்தினார். வெளியே வந்து பார்த்தால் குழம்பு ஊருக்கு முன்னால் நின்றிருந்தது. வழிகாட்டி சொல்லி முடித்தபோது வண்டியில் யாரும் பேசவில்லை. அந்தப் பாசியை ஒரு முறை மிதித்தால் பழையபடி வளரப் பல பத்தாண்டுகள் ஆகும் என்றும் சொன்னார். முதல் முறை நான் படத்துக்காக அதன் மேல் ஏறி நின்றிருந்தேன். யாராவது சொல்லியிருந்தால் செய்திருக்க மாட்டேன்.

திங்வெட்லிரும் அப்படித்தான். 930-ல் தொடங்கிய ஆல்திங் என்ற நாடாளுமன்றச் சபை கூடிய இடம், வட அமெரிக்க, யூரேசிய நிலத்தட்டுகள் விலகும் பிளவு. சொல்ல ஆள் இல்லாவிட்டால் அது ஒரு பாறைச் சந்து, பக்கத்தில் ஓர் ஆறு.

இங்கே உங்கள் மனைவியின் ஆங்கிலத்தையும் யோசியுங்கள். வழிகாட்டி ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம் ஒலிபெருக்கியில் பேசுவார், அதுவும் ஐஸ்லாந்து உச்சரிப்பில். அம்மாவுக்கு முதல் நாள் தலை கனத்துவிட்டது. அப்புறம் நான் இடைவேளைகளில் சுருக்கமாகத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன், அவளும் கதையாகக் கேட்டுக்கொண்டாள். நீங்கள் அந்த வேலையை மகிழ்ச்சியோடு செய்வீர்கள் என்றால் பிரச்சினை இல்லை.

பாதுகாப்பில் குழு தரும் பலம் பெரியது. ரெய்னிஸ்ஃபியாரா என்ற கறுப்பு மணல் கடற்கரையில், அமைதியாக இருக்கும் கடல் திடீரென்று ஓர் அலையை வழக்கத்தைவிட வெகுதூரம் உள்ளே அனுப்பும். அதில் உயிர் போனவர்கள் உண்டு, அதற்கென்றே எச்சரிக்கை விளக்கு வைத்திருக்கிறார்கள். எங்கள் வழிகாட்டி இறங்குவதற்கு முன்னால் எதுவரை போகலாம் என்று ஒரு பாறையைக் காட்டினார், பிறகு தானும் கடலைப் பார்த்தபடியே நின்றார். காலையில் வானிலை அலுவலகம், சாலைத் துறை இரண்டின் தளங்களையும் பார்த்து அன்றைய வரிசையை மாற்றுவதும் அவர் வேலை. கார் எடுத்தால் அது உங்கள் வேலை. மஞ்சள் எச்சரிக்கையா, ஆரஞ்சா, கிளம்பலாமா வேண்டாமா என்று காலை ஆறு மணிக்கு நீங்களும் மனைவியும் விவாதிக்க வேண்டியிருக்கும்.

பனிக்குகைக்கு அழைத்துப் போகும் பயணம் என்றால் பருவத்தைப் பாருங்கள். வட்னயோகுலின் நீலப் பனிக்குகைகள் குளிர்காலத்துக்குரியவை. கோடையான 2024 ஆகஸ்டில் பிரெய்தாமெர்குர்யோகுல் பனியாற்றில் பனி இடிந்து விழுந்து ஒரு சுற்றுலாப் பயணி இறந்தார். நீங்கள் போகும் பிப்ரவரி சரியான காலம்தான். ஆனால் காலில் இரும்பு முள் கட்டி, மேடு பள்ளமான பனியில் நடக்க வேண்டும். முழங்காலை வைத்து நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். உங்கள் மனைவி வண்டியிலோ பக்கத்துக் காப்பிக் கடையிலோ இருக்க முடியுமா என்று முன்பே கேட்டுவிடுங்கள். ஸ்கோகாஃபோஸ் அருவியின் பக்கவாட்டில் ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட படிகள் உண்டு, அதை விட்டுவிடலாம். கீழே இருந்து பார்ப்பதே போதும், அறுபது மீட்டர் உயரத்திலிருந்து நேராக இறங்கும் தண்ணீர்.

சைவம் பெரிய கஷ்டமில்லை, ஆனால் திட்டமிட வேண்டும். குழுப் பயணங்களில் பெரும்பாலும் காலை உணவு மட்டும்தான் சேர்ந்திருக்கும். மதியம் வண்டி நிற்கும் இடம் ஒரு பெட்ரோல் பங்கின் உணவகமாக இருக்கலாம், அங்கே கண்ணில் படுவது ஹாட் டாக்கும் ஆட்டுக்கறி சூப்பும். காய்கறி சூப்பும் ரொட்டியும் பல இடங்களில் கிடைக்கும், எல்லா இடத்திலும் என்று நம்பிப் போகாதீர்கள். முதல் நாளே ரெய்க்யாவிக்கில் போனஸ் என்ற மளிகைக் கடைக்குப் போய் (மஞ்சள் பலகையில் இளஞ்சிவப்புப் பன்றி போட்டிருக்கும்), ரொட்டி, பழம், கெட்டித் தயிர் போன்ற ஸ்கீர் எல்லாம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அவலும் சத்துமாவும் பெட்டியில் இருக்கட்டும், அறையில் கெட்டில் உண்டா என்று கேளுங்கள். குளிர்ந்த குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கலாம், பாட்டில் வாங்க வேண்டாம். வெந்நீர்க் குழாயில் கந்தக வாடை வரும், அது பூமியிலிருந்து வரும் நீர், கெட்டுப்போனதல்ல.

வெந்நீர் என்றதும் ஒன்று. பல குழுப் பயணங்களில் ஒரு மாலை வெந்நீர்க் குளம் இருக்கும். அங்கே பொதுக் குளங்களில் இறங்குவதற்கு முன் துணியில்லாமல் சோப்புப் போட்டுக் குளித்தாக வேண்டும். ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி அறைதான், ஆனால் பல இடங்களில் நடுவே மறைப்பு இருக்காது. அந்த ஊரில் அது தூய்மை பற்றிய விஷயம், யாரும் யாரையும் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு யாரும் இதை முன்கூட்டிச் சொல்லவில்லை, வாசலில் நின்றபடி திகைத்துப்போனாள். புளூ லகூன் போன்ற பெரிய இடங்களில் கதவு வைத்த குளியலறைகள் உண்டு. மனைவியிடம் முன்பே சொல்லிவிடுங்கள், அந்த நீரில் முழங்காலை நீட்டி உட்கார்வது அவருக்கு எவ்வளவு இதமாக இருக்கும் என்பதையும் சேர்த்து.

செலவு: வாடகை, முழுக் காப்பீடு, பெட்ரோல், பல அருவிகளில் கேட்கும் பார்க்கிங் கட்டணம், அறைகள் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள். இரண்டு பேருக்குக் குளிர்காலத்தில் வித்தியாசம் நினைப்பதைவிடக் குறைவு. நான்கு பேர் ஒரு காரில் என்றால் கார்தான் மலிவு. தனியாகப் போகிறவர்கள் தனி அறைக்கான கூடுதல் தொகையைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரவு வானில் ஆடும் வடக்கு ஒளி (அரோரா) பார்க்கத்தான் பிப்ரவரி என்றால், இரவு தங்கும் இடங்கள் ஊருக்கு வெளியே இருக்கிற பயணமாகப் பாருங்கள். வாசலுக்கு வந்தாலே வானம் கிடைக்கும். மேகம் மூடினால் ஒன்றும் செய்ய முடியாது, நான் ஐந்து இரவில் ஒரே ஒரு முறை பார்த்தேன். உத்தரவாதம் தருகிறேன் என்று சொல்லும் பயணத்தை நம்ப வேண்டாம்.

உங்கள் இருவருக்கும் நான் சொல்வது இதுதான். எட்டு நாள் முழுச்சுற்றை விட்டுவிடுங்கள். ரெய்க்யாவிக்கில் நான்கு இரவு அறை எடுங்கள். நடுவே தெற்குக் கரைக்கு, யோகுல்சார்லோன் வரை, மூன்று நாள் சிறு குழுப் பயணம். திரும்பி வந்து ஒரு நாள் முழு ஓய்வு, வெந்நீர்க் குளம். திங்வெட்லிர், சில நிமிடங்களுக்கு ஒரு முறை பீறிடும் ஸ்ட்ரோக்கூர் ஊற்று, குல்ஃபோஸ் அருவி மூன்றும் அந்த மூன்று நாளிலேயே சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் ஒரு பகல் பயணமாகத் தனியே எடுங்கள். மேற்கே ஸ்னைஃபெல்ஸ்நெஸ் தீபகற்பத்துக்கு இன்னொரு பகல் பயணம் போகலாம், மனைவி விரும்பாவிட்டால் அன்று இருவரும் ஊரிலேயே இருக்கலாம். எட்டு நாள் கட்டுப்பட்ட குழுவில் இந்தச் சுதந்திரம் கிடையாது. தீவை முழுதாகச் சுற்றும் ஆசையை ஒரு ஜூன் மாதத்துக்கு வையுங்கள், அப்போது நீங்களே ஓட்டுங்கள், பத்து நாளுக்குக் குறையாமல்.

பணம் கட்டும் முன் நிறுவனத்துக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். அதிகபட்சம் எத்தனை பேர், எத்தனை இருக்கை வண்டி, சாலை மூடினால் கூடுதல் இரவுக்கு யார் பணம் கொடுப்பது, அறையோடு குளியலறை உண்டா, எத்தனை பேர் சேராவிட்டால் பயணத்தை ரத்து செய்வீர்கள், ஐஸ்லாந்துச் சுற்றுலா வாரியத்தின் உரிமம் உண்டா. ஒழுங்கான நிறுவனம் எல்லாவற்றுக்கும் தெளிவாகப் பதில் தரும். பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறொன்றைப் பாருங்கள். ஐஸ்லாந்துக்கும் பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவுக்கும் சேர்த்து நாள் கணக்கிடுங்கள், விசா கைக்கு வரும்வரை ரத்து செய்யக்கூடிய முன்பதிவாகவே எடுங்கள்.

அந்த மின்னஞ்சலில் இன்னொரு வரியும் சேருங்கள்: மனைவிக்கு முழங்கால் வலி, மூன்று நாளும் முன்வரிசையில் கால் நீட்ட இடமுள்ள இருக்கை வேண்டும், எழுத்தில் உறுதி தர முடியுமா என்று.